யுத்தமும் தளவாடக் கணக்கும்

ராஜபாளையத்திலிருந்து தென்காசிக்குப் போகும் ரஸ்தாவில் சில மைல் தெற்கே சேத்தூர் இருக்கிறது. மேற்கே மலை, மலையடியில் கண்மாய்களும் தென்னந்தோப்புகளும், அவற்றைக் கடந்தால் சிவகிரி, வாசுதேவநல்லூர் என்று அடுத்தடுத்துப் பழைய பாளையங்களின் ஊர்கள். புலித்தேவரின் நெற்கட்டும்செவலும் இவற்றுக்கு வெகு தூரத்தில் இல்லை. இச் சீமையில் பிறந்த பிள்ளை எவனும் பாளையக்காரர் கதைகளைக் கேளாமல் வளர்வதில்லை. வேலும் வாளும் ஏந்தி நின்ற வீரர்களின் பெயர்களை நம் கிழவிகளும் சொல்லுவார்கள். ஆனால் அவ் வீரர்களிடத்தில் எத்தனை துப்பாக்கி இருந்தது, எத்தனை நாளைக்கு மருந்து இருந்தது என்று கேட்டால் சொல்லுவாரில்லை. வீரத்தைப் பாடிய நாம் மருந்தை எண்ணவில்லை. எதிரியோ எண்ணினான்.

1801-ம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். இப் பாளையங்களுக்குக் கிழக்கே ஒட்டப்பிடாரத்துக்கு அருகிலுள்ள பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையை மார்ச்சு 31-ம் தேதி மேஜர் மெக்காலேயின் படை தாக்கிற்று. பெரும்பாலும் ஈட்டிகளைக் கொண்டே போராடிய ஊமைத்துரையின் ஆட்கள் அதனை முறியடித்துத் துரத்தினார்கள். கும்பினியார் அதன்மேல் ஆத்திரப்பட்டு மறுநாளே மோதிப் பார்க்கவில்லை. கோட்டைக்கு எதிரில் பாளயமிறங்கி, பெரிய பீரங்கிகளும் குண்டும் புதிய படையும் வந்து சேரும்வரை காத்திருந்தார்கள். கர்னல் அக்னியூ மே மாதம் 21-ம் தேதி வந்து சேர்ந்தார். பீரங்கிகள் சுவரை உடைத்தன. 24-ம் தேதி கோட்டை விழுந்தது. தோல்விக்கும் வெற்றிக்கும் இடையில் கழிந்த நாட்கள் 54. அந் நாட்களில் கோட்டைக்குள் இருந்தவர்களின் வீரம் குறையவில்லை. வெளியே இருந்தவர்களின் தளவாடம் பெருகிற்று. வித்தியாசம் அவ்வளவே. அவ் வருஷம் டிசம்பர் 1-ம் தேதி கவர்னர் கிளைவ் வெளியிட்ட பிரகடனத்தினால் இந்நாட்டாரிடமிருந்த ஆயுதங்களும் பறிக்கப்பட்டன.

இப் பழங்கதையை இங்கே எடுத்தது புலம்புவதற்காக அன்று. இன்று நமது தேசம் சுதந்திர தேசம். ஆயுதம் செய்வதும், செய்ததை எண்ணுவதும் நமது சர்க்காரின் கடமை. அக் கடமை எவ்வாறு நிறைவேறுகின்றது, அதனைச் சரிபார்ப்பவர் யார் என்று கேட்பது பிரஜைகளாகிய நமது கடமை.

கணக்குப் போடும் விதம்

ராணுவத்துக்கு வேண்டிய குண்டுகளைக் கணக்கிடுவது பார்வைக்கு மிக எளிது. ஒரு பீரங்கி ஒரு நாளில் சுடும் குண்டு எத்தனை, பீரங்கிகள் எத்தனை, யுத்தம் நடக்கும் நாட்கள் எத்தனை என்னும் மூன்றையும் பெருக்கினால் விடை வந்துவிடும். உதாரணத்துக்காக ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பீரங்கி ரெஜிமெண்டில் 18 பீரங்கிகள் உண்டு. கடும் போரில் ஒவ்வொன்றும் நாளுக்கு 100 குண்டு சுடுவதாக வைத்துக்கொண்டால் 1,800 குண்டு. 155 மில்லிமீட்டர் குண்டு ஒன்று ஏறக்குறைய 43 கிலோகிராம் நிறையுள்ளது. ஆகவே ஒரே ரெஜிமெண்டுக்கு ஒரு நாளுக்கு 77 டன் இரும்பும் மருந்தும் முன்னணிக்குப் போய்ச் சேர வேண்டும். நாற்பது நாளைக்கு 72,000 குண்டு. பத்து ரெஜிமெண்டுகளானால் 7,20,000.

இனித் தொழிற்சாலைப் பக்கம் திரும்புவோம். மாதம் 10,000 குண்டு செய்யும் தொழிற்சாலை ஒன்று இருப்பதாகக் கொள்வோம். மேற்சொன்ன இருப்பை நிரப்ப அதற்கு 72 மாதம், அதாவது 6 வருஷம், ஆகும். போர் மூண்டுவிட்டாலோ, அத் தொழிற்சாலை ஒரு மாதம் முழுவதும் உழைத்துச் செய்த குண்டு பத்து ரெஜிமெண்டுகளுக்கு ஒரு நாளுக்குக் கூடக் காணாது. சமாதான காலத்து உற்பத்தியும் யுத்த காலத்துச் செலவும் ஒன்றையொன்று எட்டிப் பிடிக்க மாட்டா. இடையிலுள்ள பள்ளத்தை நிரப்புவதற்காகவே கிடங்கு இருக்கிறது. ஆகவே கிடங்கில் உள்ளது எத்தனை நாளைக்கு வரும் என்பது பாதிக் கேள்வி. அது தீருமுன் தொழிற்சாலை எவ்வளவு விரைவில் தன் வேகத்தைக் கூட்ட வல்லது என்பது மற்றப் பாதி. முதற் பாதியைப் பற்றியே நமது தேசத்தில் வாதம் நடந்து வருகிறது. இரண்டாம் பாதியைக் கேட்போர் மிகச் சிலர்.

ஐரோப்பா கற்ற பாடம்

இக் கணக்கு எவ்வளவு மோசமாகத் தவறக்கூடும் என்பதை 1915-ம் வருஷம் உலகுக்குக் காட்டிற்று. அவ் வருஷம் மார்ச்சு மாதத்தில் பிரான்ஸிலுள்ள நவ் ஷாப்பெல் என்னுமிடத்தில் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் சேர்ந்து ஜெர்மானியரைத் தாக்கின. முதல் 35 நிமிஷத்தில் சுடப்பட்ட குண்டுகள், தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் யுத்தம் முழுவதிலும் சுடப்பட்டவற்றைக் காட்டிலும் அதிகம் என்று கூறுவர். பழைய யுத்தத்தை அளவுகோலாகக் கொண்டு புதிய யுத்தத்துக்குக் கிடங்கு கட்டியவர்கள் திகைத்துப்போனார்கள். மே மாதத்தில் குண்டுப் பஞ்சம் லண்டன் பத்திரிகைகளில் வெளியாயிற்று. மந்திரிசபை கலைந்து கூட்டு மந்திரிசபை ஏற்பட்டது. தளவாடத்துக்கென்றே தனி இலாகா ஒன்றை அமைத்து அதனை லாயிட் ஜார்ஜிடம் ஒப்புவித்தார்கள். பத்திரிகை உண்மையை எழுதினதனாலேயே அத் தேசம் விழித்துக்கொண்டது என்பதை நாம் மறத்தலாகாது.

எண்ணிக்கை பெருகின பிறகும் தொல்லை தீரவில்லை. 1916-ல் சோம் நதிப் போருக்கு முன் ஒரே வாரத்தில் 15 லட்சத்துக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டார்கள். அவற்றில் கணிசமான பகுதி வெடிக்கவே இல்லை. அவசரத்தில் செய்த ப்யூஸ்களும் புதிய கைகளின் வேலையும் அவ் வண்ணம் இருந்தன. ஜெர்மானியரின் முள்வேலியும் பதுங்குகுழிகளும் பல இடங்களில் அப்படியே நின்றன. குண்டு போய்ச் சேர்ந்ததாகக் கணக்கு சொல்லிற்று. அக் கணக்கை நம்பி எழுந்து நடந்த சிப்பாய்கள் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். தொழிற்சாலைகளிலும் உயிர் போயிற்று. 1918-ம் வருஷம் ஜூலை 1-ம் தேதி சில்வெல் என்ற ஊரில் குண்டுக்கு மருந்து நிரப்பும் தொழிற்சாலை வெடித்து 130 பேருக்கு மேல் இறந்தனர்.

அக்காலத்தில் நமது தேசம் சேனையையும் பஞ்சையும் சணலையும் தோலையும் வாரி வழங்கிற்று. நமது ரயில்வே யந்திரசாலைகளிலும் குண்டுக் கூடுகளைக் கடைந்தார்கள். 1917-ல்தான் இந்தியத் தளவாட போர்டு ஒன்று ஏற்பட்டது. அதுவரை இந்தியாவில் தொழில் வளர்வதை வேண்டாததாக எண்ணிய அன்னிய சர்க்கார், யுத்தம் கழுத்தைப் பிடித்தபோதுதான் இந்நாட்டில் என்ன கிடைக்கும் என்று கணக்கெடுக்கத் தலைப்பட்டது.

சுதந்திர இந்தியாவின் அனுபவம்

சுதந்திரம் வந்த பிறகு கணக்கு சரியாகிவிட்டதா? 1962-ல் சீனர் வந்தபோது நமது சிப்பாய்கள் பழைய .303 துப்பாக்கியுடன் பனிமலையில் நின்றார்கள். அவ் வருஷம் நவம்பரில்தான் பாதுகாப்பு உற்பத்திக்கென்று தனி இலாகா ஏற்பட்டது. திருச்சிராப்பள்ளியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1966-ல் எழுந்தது.

1965-ம் வருஷத்து அனுபவம் நேர் விரோதமானது. பாகிஸ்தானுடன் நடந்த அந்த யுத்தத்தின் முடிவில், இன்னும் சில நாள் போரிட்டால் குறிப்பிடத்தக்க வெற்றி கிட்டுமா என்று பிரதம மந்திரி லால் பகதூர் சாஸ்திரி கேட்டபோது, முன்னணிக் குண்டுகளில் பெரும்பகுதி செலவாகிவிட்டதாகத் தளபதி சௌத்ரி கூறினார் என்றும், பின்னர் எண்ணிப் பார்க்கையில் நூற்றுக்குப் பதினான்கு பங்கு அளவே செலவாகியிருந்ததாகத் தெரிந்தது என்றும் அவ் யுத்தத்தின் சரித்திரத்தை எழுதியவர்கள் குறித்திருக்கின்றனர். யுத்தத்தை நிறுத்தியது நல்லதா கெட்டதா என்னும் வாதத்துக்குள் நாம் நுழையவில்லை. ஒரு தேசம் யுத்தமா சமாதானமா என்று தீர்மானிக்கும் வேளையில், தன் கிடங்கில் உள்ளது எவ்வளவு என்பதே தெரியாமல் தீர்மானிக்க நேர்ந்தது என்பதே நம்மை வருத்துவது. இல்லாததை உண்டென்று எண்ணுவது எப்படிக் குற்றமோ, அப்படியே உள்ளதை இல்லையென்று எண்ணுவதும் குற்றம்.

1999-ல் கார்கில் மலைகளில் நமது படை பீரங்கிக் குண்டும் மார்ட்டர் குண்டும் ராக்கெட்டுமாக ஏறக்குறைய இரண்டரை லட்சம் சுட்டது. நாளொன்றுக்கு ஏறத்தாழ 5,000 வீதம் செலவாயிற்று. டைகர் ஹில் சிகரத்தைப் பிடித்த நாளில் மட்டும் 9,000. அது முழு யுத்தமன்று. ஒரு மலைத்தொடரின் ஒரு பகுதியில் நடந்த போர். அதற்கே அவசர அவசரமாக வெளிநாடுகளில் தளவாடம் தேட வேண்டியிருந்தது.

இதற்குப் பின் வந்ததுதான் மிக முக்கியமானது. கடும் போர் 40 நாள் நடப்பதற்கு வேண்டிய குண்டு இருப்பில் இருக்க வேண்டுமென்பது அப்போது நமது ராணுவத்தின் விதியாக இருந்தது. 20 நாளுக்குக் குறைந்தால் ஆபத்து. 10 நாளுக்குக் குறைந்தால் பேராபத்து. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரி 2017-ல் பார்லிமெண்டில் சமர்ப்பித்த அறிக்கையின்படி, 2016-ம் வருஷம் செப்டம்பரில், பரிசீலித்த 152 வகைக் குண்டுகளில் 31 வகையே 40 நாள் இருப்பை எட்டின. 83 வகைகள் 20 நாளுக்கும் குறைவு. அவற்றுள் 61 வகைகள் 10 நாளுக்கும் குறைவு. ப்யூஸ் பற்றாமையினால், கிடங்கில் அடுக்கியிருந்த பெரிய குண்டுகளிலும் மிகப் பெரும்பகுதி போருக்கு உதவாத நிலையில் கிடந்ததாகவும் தணிக்கையில் வெளியாயிற்று. குண்டு இருக்கிறது, முனையில் வைக்கும் சிறு கருவி இல்லை! பெட்டியை எண்ணியவன் நிறைவு கண்டான். பெட்டியைத் திறந்தவன் குறை கண்டான்.

குறைந்த பொருளே அளவு

இவ்விடத்தில் நமது ஜில்லாவின் தொழில்களே நமக்கு நல்ல ஆசான்களாகும். சிவகாசியில் தீபாவளிப் பட்டாசு செய்பவரைக் கேளுங்கள். பண்டிகை ஒரு நாள். வேலையோ வருஷம் முழுவதும். வெடியுப்பும் கந்தகமும் மலைபோலக் கிடந்தாலும், திரி இல்லையென்றால் பட்டாசு இல்லை. ஐப்பசி பிறந்த பிறகு ஆளை இரட்டிப்பாக்கி அவசரப்படுத்தினால் சரக்கு பெருகாது, சாவுதான் பெருகும். வெடிமருந்தை விரட்டி வேலை வாங்க முடியாதென்பதை எத்தனையோ குடும்பங்கள் கண்ணீரால் எழுதி வைத்திருக்கின்றன.

ராஜபாளையத்துப் பஞ்சுக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கலாம். சம்பந்தம் உண்டு. பீரங்கியிலிருந்து குண்டை உந்தித் தள்ளும் மருந்துக்கு நைட்ரோ செல்லுலோஸ் ஆதாரம். பருத்தியை அரைத்த பின் கொட்டையின்மேல் ஒட்டி நிற்கும் குறுநாரை அமிலத்தில் பதப்படுத்தி அதனைச் செய்கிறார்கள். நீலகிரியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஏற்பட்ட அரவங்காடு கார்டைட் தொழிற்சாலையின் தொழில் இவ்வகை மருந்தே. சத்திரப்பட்டியில் நெய்யும் கட்டுத்துணியும் நாம் கடைச்சரக்கென்று கழித்துவிடும் குறுநாரும் ஒரே செடியில் விளைந்தவை. ஒன்று காயத்தைக் கட்டுகிறது; மற்றொன்று காயத்தை உண்டாக்குகிறது.

இக் குறுநாரின் அருமையை ஐரோப்பா அண்மையில்தான் உணர்ந்தது. 2022-ம் வருஷம் பிப்ரவரியில் ரஷ்யா உக்ரைனின்மேல் படையெடுத்தபோது சில நாட்களில் முடியுமென்று பலர் எண்ணிய யுத்தம் மூன்று வருஷங்களுக்கு மேல் நீண்டது. பன்னிரண்டு மாதத்தில் 10 லட்சம் பீரங்கிக் குண்டு தருவதாக ஐரோப்பிய யூனியன் 2023 மார்ச்சில் வாக்களித்தது. கெடு முடிந்தபோது ஏறக்குறையப் பாதியே கொடுக்க முடிந்தது. பணம் இருந்தது, எஃகு இருந்தது, உந்துமருந்து இல்லை. அதற்குரிய பஞ்சு நாரில் பெரும்பகுதி சீனத்திலிருந்து வர வேண்டியிருந்தது. உலகத்திலேயே பெரிய தொழில் வல்லமை படைத்த அமெரிக்கா யுத்தத்துக்கு முன் மாதமொன்றுக்குச் செய்த 155 மில்லிமீட்டர் குண்டுகள் ஏறத்தாழ 14,000. வகைகள் வேறாயினும் அளவு புரிவதற்காகச் சொல்கிறோம்: கார்கில் போரின் நாட்செலவுக்கு அது மூன்று நாள் காணாது. மாதம் 1,00,000 என்று குறிக்கோள் வைத்து, பெருந்தொகை செலவிட்டும், 2025-ன் நடுவில் 40,000 அளவிலேயே அது நின்றது.

ஆகவே ஒரு தேசத்தின் யுத்த பலம் அதனிடம் மிகுதியாக உள்ள பொருளால் அளக்கப்படுவதில்லை. மிகக் குறைவாக உள்ள பொருளாலேயே அளக்கப்படுகிறது. பழைய படைக்கலத் தொழிற்சாலை போர்டின் 41 தொழிற்சாலைகளும் 2021 அக்டோபரில் 7 கம்பெனிகளாகப் பிரிக்கப்பட்டன. தமிழ்நாட்டில் சென்னை, கோயம்புத்தூர், ஓசூர், சேலம், திருச்சி என ஐந்து இடங்களை இணைத்துப் பாதுகாப்புத் தொழில் வட்டம் அமைக்கப்பட்டது. இவை வரவேற்கத்தக்கனவே. ஆனால் கம்பெனி ஏழா எழுபதா என்பதைவிட, ப்யூஸ் எங்கே செய்கிறோம், மருந்துக்குரிய நார் யாருடையது, டங்ஸ்டன் எந்தத் தேசத்துக் கப்பலில் வருகிறது என்பவையே முக்கியமான கேள்விகள். 2025 மே மாதத்தில் பாகிஸ்தானுடன் நடந்த சண்டை நான்கு நாளில் முடிந்தது. அடுத்ததும் நான்கு நாளில் முடியுமென்று கிடங்கைக் குறைப்பவன், போயர் யுத்தத்தை வைத்து 1915-க்குக் கணக்குப் போட்டவனுக்குத் தம்பியே ஆவான்.

யார் சரிபார்ப்பது?

வக்கீல் தொழிலில் பழகியவர் அறிந்த விதி ஒன்றுண்டு. கணக்குப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது என்பதை மட்டும் கொண்டு எவரையும் பொறுப்பாளியாக்க முடியாது; வேறு சாட்சியமும் வேண்டும். 1872-ம் வருஷத்துச் சாட்சியச் சட்டத்தின் 34-வது பிரிவு அதனையே கூறிற்று. 2024-ல் அமுலுக்கு வந்த புதிய சட்டமும் அவ் விதியைக் கைவிடவில்லை. நூறு ரூபாய்க் கடனுக்கு இவ்வளவு எச்சரிக்கை காட்டும் தேசம், லட்சக்கணக்கான சிப்பாய்களின் உயிரை, இலாகாவின் சொந்தக் கணக்குப் புத்தகம் ஒன்றை மட்டும் நம்பி ஒப்புவிப்பது எவ்வாறு தகும்? அந்த வேறு சாட்சியமாக நின்றதே தலைமைக் கணக்குத் தணிக்கை அதிகாரியின் அறிக்கை. 2017-க்குப் பின் பாதுகாப்புத் துறையைப் பற்றிய அவ்வறிக்கைகள் பார்லிமெண்டுக்குப் போனாலும், பொதுஜனங்கள் பார்க்கும்படி இணையத்தில் வைக்காதிருப்பது வழக்கமாயிற்று. அது தெரிந்தே செய்த முடிவென்று அப் பதவியிலிருந்தவரே 2020-ல் கூறினார்.

எதிரிக்குத் தெரிந்துவிடுமே என்பது இதற்குச் சொல்லப்படும் சமாதானம். அதனை நாம் அலட்சியம் செய்யவில்லை. எந்தக் கிடங்கில் எத்தனை குண்டு என்பதைச் சந்தையில் கூவும்படி எவரும் கேட்கவில்லை. ஆனால் ரகசியம் என்னும் திரை எதிரியை மட்டும் மறைப்பதில்லை. சோம்பலையும் பிழையையும் மறைக்கிறது. 1962-ன் தோல்வியை ஆராய்ந்து 1963-ல் எழுதப்பட்ட ஹெண்டர்ஸன் புரூக்ஸ் அறிக்கையை, அறுபது வருஷம் கடந்த பின்னும் சர்க்கார் முழுமையாக வெளியிடவில்லை. அதனால் சீனருக்கு மறைந்தது என்ன? மறைக்கப்பட்டவர்கள் நாமே. குறை வெளியான அதே 2017-ல், அவசரக் கொள்முதல் செய்யும் அதிகாரம் ராணுவத் துணைத் தளபதிக்கு விரிவாகக் கொடுக்கப்பட்டது. வெளிச்சம் பட்டதனால் விளைந்தது கேடா, நன்மையா?

ஆகவே நாம் கோருவது மூன்று. பார்லிமெண்டின் பாதுகாப்பு நிலைக் கமிட்டிக்கு, கதவைச் சாத்திக்கொண்டாயினும், ஒவ்வொரு வகைக் குண்டும் எத்தனை நாளைக்கு இருக்கிறது, மாதந்தோறும் எவ்வளவு உற்பத்தியாகிறது, அவ்வுற்பத்தியை இரட்டிப்பாக்க எத்தனை மாதம் செல்லும் என்ற மூன்று விவரங்களையும் வருஷந்தோறும் கொடுக்க வேண்டும். அவ் விவரங்களைத் தணிக்கை அதிகாரி கிடங்கிலும் தொழிற்சாலையிலும் நேரில் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். வகைகளின் பெயரைச் சொல்லாவிடினும், எத்தனை வகைகள் விதிக்குக் குறைந்து நிற்கின்றன என்ற ஒரு தொகையையாவது பொதுஜனங்களுக்கு அறிவிக்க வேண்டும். அந்த ஒரு தொகையினால் எந்த எதிரியும் ஒரு கோட்டையையும் பிடித்துவிட மாட்டான்.

வேண்டியதற்கு மேல் குவிப்பதும் தேசத்துக்கு நல்லதன்று என்பதையும் சொல்லிவிட வேண்டும். குண்டுக்கு ஆயுள் உண்டு. பழையதாகிப்போன மருந்து காவற்காரனையே கொல்லும். 2016 மே மாத இறுதியில் மகாராஷ்டிரத்துப் புல்காவ் தளவாடக் கிடங்கு தீப்பற்றிப் பல உயிர்களைக் கொண்டுபோனதை நாம் மறக்கவில்லை. அளவுக்கு மீறி அடுக்கும் ஒவ்வொரு குண்டும் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை, ஆஸ்பத்திரியின் மருந்து. மில்லில் இராவேலை செய்பவனும் பனைமட்டை பின்னுபவளும் கடையில் வாங்கும் ஒவ்வொரு சாமானிலும் வரி கொடுக்கிறார்கள். அவர்கள் பணம் எத்தனை குண்டாயிற்று, அக் குண்டு வெடிக்குமா என்று கேட்பதற்கு அவர்களுக்குப் பாத்தியதை உண்டு.

சேத்தூரிலும் சுற்றுக் கிராமங்களிலும் ராணுவத்துக்குப் பிள்ளையை அனுப்பிவிட்டுக் கடிதத்துக்குக் காத்திருக்கும் தாய்மார்கள் இருக்கிறார்கள். அப் பிள்ளைகளுக்கு வீரம் போதுமா என்று எவரும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பாஞ்சாலங்குறிச்சியின் சுவருக்குப் பின்னால் நின்றவர்களுக்கும் அது குறைவின்றி இருந்தது. அவர்களுக்கு இல்லாதிருந்தது, தங்களுக்காக எண்ணிப் பார்த்து முன்கூட்டியே செய்து வைக்கும் ஒரு சர்க்கார். நமக்கு அது இருக்கிறது. அது சரியாக எண்ணுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் நாமே.